மூன்று தட்டையும் நீ வாசித்தாய்

பாப்பா,

இந்தக் கடிதத்தை ஹாஸ்டலில் மற்றப் பெண்கள் கூட இருக்கும்போது பிரிக்காதே. ஷிப்ட் இல்லாத நாளில், மொட்டை மாடியிலோ எங்கேயோ தனியாக உட்கார்ந்து படி. கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது, இந்த நேரத்தில் நைனா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார், கையில்தான் செல்போன் இருக்கிறதே என்று நினைப்பாய். பத்தாவதோடு படிப்பை விட்ட நான் இதுவரை எழுதிய பெரிய கடிதம் கம்பெனிக்கு எழுதிய லீவு லெட்டர்தான். ஆனால் இதைப் போனில் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதும் இதிலேயே வருகிறது.

போன மாதம் திருநின்றவூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, மாப்பிள்ளையின் அக்கா உன்னிடம் சபை ஆராதனையில் பாடுவாயா, ஏதாவது வாசிப்பாயா என்று கேட்டாள். நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் உன் பதில் எனக்கு முழுதாகக் கேட்டது. "எனக்குத் தாளமே வராதுக்கா. சின்ன வயசுலயே எங்க நைனா கண்டுபுடிச்சி சொல்லிட்டாரு" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். நீயும் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான் சிரித்தாய். நான் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் அடுப்பங்கரை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போனதும் அவள் பாத்திரம் கழுவப் போனாள்.

உனக்குத் தாளம் வரும், பாப்பா. அன்றைக்கு நீ தப்பாக வாசிக்கவில்லை. இது எனக்குத் தெரிந்து நான்கு வருஷம் ஆகிறது.

சுனாமி வந்ததற்கு முந்தின வருஷம் நீ ஒன்பதாவது படித்தாய். நம் சபையில் அப்போது ஒரு சின்ன கீபோர்டு இருந்தது, பாஸ்டரம்மா வாசிப்பார். அதில் தாளத்துக்கென்று வரிசையாகப் பட்டன்கள் உண்டு. அதில் ஒன்றின் மேல் 'வால்ட்ஸ்' என்று எழுதியிருக்கும். அதை அழுத்தினால் 'தும் சக் சக், தும் சக் சக்' என்று மூன்று மூன்றாக ஓடும். பழைய பாமாலைகளில் பாதிக்கு அந்த நடைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில் பார்த்துத்தான் நம் பக்கம் கரண்ட் போகும். கீபோர்டு ஊமையாகிவிடும். நான் டோலக்கை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு சமாளிப்பேன். நாலு தட்டுப் பாட்டு என்றால் எனக்குக் கவலையே இல்லை. மூன்று தட்டுப் பாட்டு வந்தால் எனக்கே தெரியாமல் என் கை நாலுக்கு நழுவிவிடும். யாரும் அதைச் சொன்னதில்லை. தாளம் என்றால் நான்தான் என்று சபையில் எனக்கு ஒரு பேர் இருந்தது. நானும் அந்தப் பேரை நம்பிக்கொண்டிருந்தேன்.

புதுவாயல் கூட்ரோட்டில் பெயிண்ட், ஆணி, கயிறு விற்கும் காசிம் பாய் கடைக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்க அந்த வருஷம் ஒரு நாள் நீயும் என்னோடு சைக்கிளில் வந்தாய். பாய் பழவேற்காட்டுக்காரர். இளவயதில் கல்யாண வீடுகளில் பாட்டுக் கோஷ்டியோடு போய் பேஞ்சோ வாசித்தவர். அந்தப் பேஞ்சோ கடைப் பரண்மேல் துணி சுற்றிக் கிடந்தது. வெள்ளைக்காரர்கள் வாசிக்கிற உருண்டை முகம் வைத்த வாத்தியத்துக்கும் அதே பேர்தானாம். பாயுடையது நீட்டுப் பெட்டி, மேலே கம்பிகள், இடது கைக்கு டைப்ரைட்டர் மாதிரி பட்டன்கள், வலது கையில் ஒரு சில்லை வைத்துக் கம்பியைத் தட்ட வேண்டும். அவர் அதை இறக்கி இரண்டு வரி வாசித்துக் காட்டினார். நீ கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இதுக்குக் கரண்ட் வேண்டாமா என்று கேட்டாய். விரல் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு, வாசித்துப் பழகு, எனக்கு வேண்டும்போது கேட்கிறேன் என்று பாய் அதை உன்னிடமே கொடுத்துவிட்டார்.

பட்டன்களை எப்படி அழுத்துவது என்று பாய் சொல்லிக் கொடுத்தார். மூன்று தட்டு அவருக்கும் பழக்கமில்லை. அதை நீயாகத்தான் கண்டுபிடித்தாய். ஆராதனை முடிந்த பிறகு பாஸ்டரம்மாவிடம் கெஞ்சி அந்த 'வால்ட்ஸ்' பட்டனை அழுத்தி வைத்துவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்பாய். வீட்டுக்கு வந்ததும் பேஞ்சோவில் முயற்சி செய்வாய். கையைக் கீழே, மேலே, கீழே என்று கொண்டுபோனால் அடுத்த சுற்றில் முதல் தட்டு மேல் நோக்கிப் போய்விடுகிறது, அது பலமாக விழவில்லை என்று ஒரு வாரம் புலம்பினாய். பிறகு ஒரு நாள் சாயங்காலம் நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது வாசலுக்கே ஓடிவந்து சொன்னாய், வழி கிடைத்துவிட்டதென்று. முதல் தட்டு எல்லாக் கம்பியிலும் சேர்த்து அழுத்தமாகக் கீழே. அடுத்த இரண்டும் மெல்லிய கம்பியில் மட்டும், லேசாக மேலே. அந்த இரண்டையும் பூவைத் தொடுகிற மாதிரி தொட வேண்டும், இல்லாவிட்டால் பாட்டு நடக்காது, ஓடும் என்றாய். நான் ம் என்றேன். லுங்கி மாற்றப் போய்விட்டேன்.

அந்த நாட்களில் ஒரு தடவை கம்பெனி பஸ்ஸிலிருந்து பார்த்தேன். நீ ஸ்கூல் விட்டு சிப்காட் ரோட்டோரம் புத்தகப் பையோடு நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தாய். பதறிப்போய் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி ஓடிவந்து காலில் என்ன என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்று சிரித்தாய். நடையிலேயே மூன்று எண்ணிக்கொண்டு வந்தாயாம். ஒரு தரம் வலது கால் அழுத்தமாக விழுகிறது, அடுத்த தரம் இடது கால் விழுகிறது, இதுதான் நைனா இதில் ஜோர் என்றாய். நானும் உன்னோடு நாலு எட்டு எடுத்துப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. இருபது வருஷம் டோலக் அடித்தவனுக்கு வராதது ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்கு வருகிறதே என்று மனசுக்குள் ஏதோ சுருக்கென்றது. அதற்குப் பேர் பொறாமைதான். பெற்ற பெண்மேல் பொறாமைப்பட்டேன் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் நடந்ததை எழுத உட்கார்ந்துவிட்டு அதை மட்டும் விட்டுவிட முடியாது.

அறுப்பின் பண்டிகை ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாழைத்தாரும் பூசணிக்காயும் கரும்பும் பீடத்தின் முன்னால் குவிந்திருந்தன. நீ அம்மாவின் பச்சைப் புடவையில் தைத்த பாவாடை கட்டிக்கொண்டு, முதல் முதலாகச் சபைக்கு முன்னால் பேஞ்சோவை வைத்து உட்கார்ந்தாய். காசிம் பாயையும் நீ கூப்பிட்டிருந்தாய். அவர் உள்ளே வராமல் கேட் ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்பார்த்த மாதிரியே கரண்ட் போனது. பாஸ்டர் உன்னைப் பார்த்துத் தலையசைத்தார். நீ மூன்று தட்டுப் பாட்டு ஒன்றை ஆரம்பித்தாய்.

எனக்கு முதல் தட்டு கேட்டது. அடுத்த இரண்டும் கேட்கவில்லை. மறுபடியும் ஒரு தட்டு, மறுபடியும் வெறும் இடைவெளி. பயத்தில் நீ விட்டுவிட்டு வாசிக்கிறாய் என்று நினைத்தேன். அந்த இடைவெளியை நிரப்ப டோலக்கை ஓங்கி அடித்தேன். என் கை வழக்கம்போல் நாலுக்குப் போனது. பாடுகிறவர்கள் பாதிப்பேர் உன்னோடும் பாதிப்பேர் என்னோடும் போனார்கள். இரண்டாவது சரணத்தில் பாட்டு குலைந்து நின்றது. நான் எழுந்துவந்து உன் பேஞ்சோ கம்பிமேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.

"ஒண்ணுதான் அடிக்கிற. மத்த ரெண்டு எங்க?" என்றேன்.

"அடிக்கிறேன் நைனா. மூணும் அடிச்சிக்கினுதான் இருக்கேன்."

"பொய் சொல்லாத. நான் இன்னா செவுடா?"

அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி அதைச் சொன்னேன். நீ அண்ணாந்து என்னைப் பார்த்தாய். அழுவாய் என்று நினைத்தேன், அழவில்லை. விரல்களைப் பட்டன்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய். மிச்சப் பாட்டைச் சபை வாத்தியம் இல்லாமலே பாடி முடித்தது.

வெளியே வந்தபோது காசிம் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பாப்பா சரியாகத்தான் வாசித்தது, மூன்றும் சுத்தமாக விழுந்தது, நான் கேட்டேன் என்றார். உங்களுக்கு எங்கள் பாட்டைப் பற்றி என்ன தெரியும் பாய் என்று சுருக்கென்று கேட்டுவிட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை பேஞ்சோவை அதே துணியில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். நீயாகத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாய் என்று பாயிடம் சொன்னேன். நீ அப்படிச் சொல்லவே இல்லை.

அதற்குப் பிறகு நீ எந்த வாத்தியத்தையும் தொடவில்லை. அதைக்கூடப் பிள்ளைகள் ஒன்றைப் பிடிப்பார்கள், இன்னொன்றை விடுவார்கள் என்று நான் தேற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் சபையில் எல்லோரும் கைதட்டிப் பாடும்போது நீ மட்டும் இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். தப்பாகத் தட்டிவிடுவோமோ என்ற பயம். ஆண்கள் பக்கத்திலிருந்து எனக்கு அது ஒவ்வொரு ஞாயிறும் தெரியும். ஹாஸ்டலுக்குப் போன பிறகு நீ வருகிற ஞாயிறுகளிலும் அப்படித்தான். ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீ பிளஸ் ஒன் படித்தபோது ஒரு நாள் எங்கள் கம்பெனிக்கு உடம்பு பரிசோதிக்கும் வண்டி வந்தது. ரோலிங் மில்லில் வேலை என்றால் என்னவென்று உனக்குச் சொன்னதில்லை. பழுத்த இரும்பு உருண்டு கம்பியாக ஓடும், அதை மெஷின் வெட்டும், அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவனிடம் கை ஜாடைதான். காதுக்குப் பஞ்சு கொடுப்பார்கள். வேர்வையில் அரிக்கிறது என்று நாங்கள் எடுத்துப் போட்டுவிடுவோம். வண்டிக்குள் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்து என்றார்கள். நான் காத்துக்கொண்டே இருந்தேன். மெஷின் ரிப்பேர் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் அந்த டெக்னீஷியன் பெண் தாளில் கோடு கீழே இறங்குவதைக் காட்டினாள். சன்னமான சத்தம் எனக்கு விழவில்லையாம். குருவி, கொலுசு, பெண்கள் மெல்லப் பேசுவது.

மெல்லிய கம்பியைத் தட்டினால் கேட்குமா என்று கேட்டேன். எதற்கு இப்படிக் கேட்கிறான் என்பது போல் அவள் பார்த்தாள். "ஓங்கித் தட்டினா கேக்குங்க. லேசா தட்டினா கேக்காது" என்றாள். இது எத்தனை நாளாக இருக்கும் என்றேன். ஒரே நாளில் வருவதில்லை, ஐந்தாறு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும் என்றாள். அங்கேயே அந்த வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் நின்றவர்கள் எனக்கு ஏதோ பெரிய வியாதி என்று நினைத்தார்கள்.

அந்தத் தாளை ஆபீசில் கொடுக்காமல் நான்காக மடித்து பைபிளுக்குள் வைத்தேன். உன் அம்மா இரண்டாம் நாளே எடுத்துவிட்டாள். டிவியை நான் எவ்வளவு சத்தமாக வைக்கிறேன் என்று அவள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தவள்தான். தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என் காதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. அது பாட்டுக்கு தன்மேல தப்புன்னு நெனச்சிக்கினு வளருது" என்றாள். வெளியே தெரிந்தால் மில்லிலிருந்து எடுத்துத் தோட்ட வேலைக்குப் போட்டுவிடுவார்கள் என்றேன். பாப்பாவிடம் சொன்னால் கம்பெனிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். மில் வேலை போய்விடும் என்பது பாதிப் பொய். உன்முன் நின்று நான் செவிடன், நீ சொன்னதுதான் உண்மை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான். பிளஸ் டூ பரீட்சை முடியட்டும் என்றேன். பிறகு உனக்கு வேலை கிடைக்கட்டும் என்றேன். நீ ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனியில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனதும், இனி எதற்குப் பழசைக் கிளற வேண்டும் என்றேன். அதற்குப் பிறகு அம்மா கேட்பதை விட்டுவிட்டாள். அவள்மேல் நீ கோபப்படாதே. "நீயே சொல்லு. நான் சொன்னா அது சாட்சி, நீ சொன்னாதான் மன்னிப்பு" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவள் காத்திருந்தாள்.

நீ போனில் பேசும்போது நான் ம், சரி, ஆகட்டும் என்று மட்டும் சொல்வதைக் கேட்டு, நைனாவுக்கு என்னிடம் பேசவே விருப்பமில்லை என்று அம்மாவிடம் வருத்தப்பட்டாயாம். உன் குரல் சன்னமானது, பாப்பா. போனில் அதில் பாதிதான் எனக்கு வந்து சேர்கிறது. கேட்டமாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையை உனக்குப் பிடித்திருக்கிறது என்று நீ சொன்ன அன்றும் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அம்மா முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்துபோன மறு வாரம் புதுவாயலுக்குப் போனேன். காசிம் பாய்க்குத் தாடி முழுக்க வெளுத்துவிட்டது. கடையில் ஆள் குறையும்வரை நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். அவரிடம் பேசிய பேச்சுக்கும் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"எனக்கு அப்பவே தெரியும் தம்பி. கடையில பின்னாடி இருந்து கூப்புட்டா நீ திரும்பவே மாட்ட. அன்னிக்கு அதத்தான் சொல்ல வந்தேன். நீ வாய அடச்சிட்ட."

பேஞ்சோ எங்கே என்று கேட்டேன். நான் திருப்பிக் கொடுத்த பிறகு பழவேற்காட்டில் அவர் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தாராம். சுனாமி அன்று வீட்டுக்குள் கடல் தண்ணீர் வந்ததில் பெட்டி ஊறி, பலகை விட்டு, கம்பியெல்லாம் துருப்பிடித்துப் போய்விட்டதாம். தூக்கிப் போட்டுவிட்டார்கள். நான் அதைக் கொண்டுபோய்க் கொடுக்காமல் இருந்திருந்தால் அது நம் வீட்டில் இருந்திருக்கும். புதிது ஒன்று வாங்கிக் கல்யாணப் பரிசாகக் கொடுக்கலாமா என்று பாயிடமே யோசனை கேட்டேன். "குடுத்துட்டு வாசின்னு சொல்லுவ. அது ஒன் சந்தோசத்துக்கு வாசிக்கணுமா?" என்றார். அவர் சொன்னது சரிதான். அதனால் நான் ஒன்றும் வாங்கவில்லை. உனக்கு வேண்டுமென்றால் நீயே வாங்கிக்கொள்வாய். வேண்டாமென்றால் விட்டுவிடு. இனிமேல் யார் கேட்டாலும் தாளம் வராது என்று மட்டும் சொல்லாதே. அது என் காதில் இருந்த குறை. அதை உன்மேல் தூக்கி வைத்தது நான்.

புது வீட்டுக்குப் போகிறவளுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒன்று மட்டும் பட்டுத் தெரிந்துகொண்டது. மாப்பிள்ளை ஒன்றைச் செய்தேன் என்று சொல்லி, உனக்கு அது தெரியவில்லை என்றால், பொய் என்ற வார்த்தையை எடுப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை செய்யச் சொல்லிக் கேள். கிட்டப் போய்க் கேள். அன்றைக்கு நான் இரண்டு அடி கிட்ட வந்து குனிந்து கேட்டிருந்தால் போதும். கம்பிமேல் கையை வைப்பதற்குப் பதிலாகக் காதை வைத்திருக்கலாம். தப்பு உன்மேல் என்று தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடு. நாள் போகப் போகச் சொல்வது சுலபமாகும் என்று நான் நினைத்தேன். ஒவ்வொரு வருஷமும் அது இன்னும் கஷ்டமாகத்தான் ஆனது.

போன ஞாயிறு சபையில் உன் கல்யாண அறிவிப்பை முதல் தடவை வாசித்தார்கள். உன் பேரைக் கேட்டதும் எழுந்து நின்று, அன்றைக்கு என் மகள் சரியாகத்தான் வாசித்தாள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. பாதி எழுந்துவிட்டேன். உடனே உட்கார்ந்தேன். உன்னைக் கேட்காமல் அந்தச் சபையில் உன்னைப் பற்றி ஒரு தடவை பேசியது போதும். நீ சொல் என்றால் அடுத்த ஞாயிறு சொல்கிறேன். வேண்டாம் என்றால் வாயைத் திறக்கமாட்டேன்.

நீ சனிக்கிழமை வருவதாக அம்மா சொன்னாள். வந்தால் என் இடது பக்கம் உட்கார். வலது காது மெஷின் பக்கம் இருந்தது, அது அநேகமாகப் போய்விட்டது. கோபம் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு வாய்க்குள்ளேயே முனகுவது உன் வழக்கம், இந்தத் தடவை அப்படிச் செய்யாதே. ஆறு வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தாலும் பரவாயில்லை, சத்தமாகவே திட்டு. ஒரு வார்த்தைகூட விடாமல் எனக்குக் கேட்க வேண்டும்.

உன் நைனா